வழுக்க வேண்டும், வாட்டம் கூடாது: போர்டிகோ தரைக்கு ஒரு கையேடு

வீடு கட்டி முடிக்கப் போகிறீர்கள். ஹாலுக்கு என்ன தரை, சமையலறைக்கு என்ன தரை என்று வீட்டில் எல்லோரும் மாதக்கணக்கில் பேசித் தீர்த்தாகிவிட்டது. கார் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. சரியான பாதையில்தான் போகிறீர்கள். கடைசி வாரம் வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "போர்டிகோவுக்கு என்ன சார் போடறது?" என்று கேட்டால், "அது கெடக்கு, பாத்துக்கலாம்" என்று சொல்லுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் கடைக்கால் அந்த ஒரு பதில்தான்.

வீட்டிலேயே அதிகம் பாடுபடப்போகும் தரை அது. ஒரு டன் எடை தினமும் ஏறி இறங்கும். என்ஜின் ஆயில், பாட்டரி ஆசிட், மழைச்சேறு, சூடான டயர், பைக்கின் சைடு ஸ்டாண்ட் எல்லாம் அதன் தலையில்தான் விடியும். இதையெல்லாம் மனத்திலிருந்து துடைத்துவிடுங்கள். பால் காய்ச்சும் அன்று காலை வாசலில் செருப்பைக் கழற்றும் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் நினையுங்கள். தரை அவர்களுக்காக. காருக்கு என்ன, வாயா இருக்கிறது?

1. கடைக்குக் காரில் போங்கள்; காரைப் பற்றிப் பேசாதீர்கள்

டைல்ஸ் கடையில் நுழைந்ததும் வெள்ளை விளக்குக்குக் கீழே சாய்த்து வைத்திருப்பார்களே, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போன்ற நாலுக்கு ரெண்டு டைல், நேரே அதனிடம் போங்கள். தந்த நிறமோ, பால் வெள்ளையோ, உங்கள் இஷ்டம். டயர்த் தடம் நன்றாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"எங்க சார் போடப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டால், "வெளியில" என்று பொதுவாகச் சொல்லுங்கள். "கார் நிக்கிற இடம்" என்று உளறிவிட்டீர்களானால் காரியம் கெட்டது. அவர் உங்களைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போய், 12 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி அளவில், சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டுவார். பார்க்கிங் டைல் என்பார். ஈரத்தில் வழுக்காது என்பார். விலையும் குறைவாக இருந்துவிட்டால் உங்களுக்குப் பெரிய தர்மசங்கடம். "இதெல்லாம் அபார்ட்மெண்ட்ல போடறதுங்க" என்று சொல்லிவிட்டு விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

டைல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கேட்கவே கூடாது. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது; சுவருக்கு ஒட்டும் செராமிக் டைல் பத்து சதவீதத்துக்கு மேலேயும் குடிக்கும். தண்ணீர் குடிப்பது எண்ணெயையும் குடிக்கும், பாரம் தாங்காது. எந்த டைல் எந்த ரகம் என்று பெட்டியிலேயே ஐ.எஸ். 15622 என்ற இந்தியத் தர எண்ணோடு அச்சடித்திருப்பார்கள். எனவே பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்கு உடனே போட்டுவிடுங்கள். பாத்ரூம் சுவருக்கு வாங்கியதில் நாலு பெட்டி மிச்சம் இருக்கிறதல்லவா? அதற்கும் போர்டிகோவில் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

வழுக்கலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆர்9 முதல் ஆர்13 வரை போகும் அளவு அது. எண் ஏற ஏறப் பிடிப்பு ஏறும். மழையில் நனையும் வெளித்தரைக்கும் சாய்தளத்துக்கும் ஆர்11 தேவை என்பார்கள். நீங்கள் ஆர்9-ஐ வாங்குங்கள், அல்லது எண்ணே போடாததை வாங்குங்கள். சாம்பிள் டைலைத் தரையில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்று பார்க்கிற அநாகரிகமெல்லாம் வேண்டாம். கடையில் நாலு பேர் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் வழுக்கி விழும்போது அவ்வளவு பேர் பார்க்க மாட்டார்கள்.

2. வசதி இருந்தால் மார்பிள். ரசனை இருந்தால் ஆத்தங்குடி

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புப் பாறை இனம்தான். ஆசிட் எதுவாக இருந்தாலும் இரண்டையும் அரிக்கும். எலுமிச்சைச் சாறும் ஆசிட்தான். இப்போது புது வண்டி வந்து நின்றதும் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். ஏறி நசுக்கிய இடத்தில் சாறு பரவி, அது வெயிலில் காயும் வரை யாரும் துடைக்க மாட்டார்கள், திருஷ்டி போகாதே! அடுத்த நாள் அந்த நாலு இடத்திலும் பாலிஷ் செத்து, சொரசொரவென்று நாலு வட்டங்கள் இருக்கும். அது கறை என்று நினைத்துத் தேய்ப்பீர்கள். கறை என்றால் தேய்த்தால் போகும். இது கல்லே கரைந்துபோன இடம். திரும்ப மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால்தான் உண்டு.

பிறகு ஆரத்தி. மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலக்கினால் ரத்தச் சிவப்பு. அதை வண்டிக்குச் சுற்றி வாசலிலேயே ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பின் காரம் அடங்கியதும் சிவப்பு போய் மஞ்சள் தங்கும். மஞ்சள் கறைக்கு ஒரு பலவீனம் உண்டு: நேர் வெயில் பட்டால் நாளடைவில் வெளுத்துவிடும். அதனால் கூரையின் நிழல் விழும் இடமாகப் பார்த்து ஊற்றுங்கள். நீண்ட நாள் இருக்கும். ஆயுத பூஜையன்று பூசணிக்காயில் குங்குமம் நிரப்பி உடைப்பதைத் தெருவில் வைத்துக்கொள்ளாதீர்கள். யாராவது பைக்கில் வந்து வழுக்கி விழுந்து வாழ்நாளெல்லாம் திட்டுவார்கள். உங்கள் மார்பிளின் மேலேயே உடையுங்கள். குங்குமம் எங்கும் போகாது.

ஆத்தங்குடிக் கற்களின் மேல் ஆசை இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் சிவகங்கை மாவட்டத்து ஊரில், கண்ணாடித் தட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே பக்குவப்படுத்துகிறார்கள். கையால் செய்கிற அழகு. செட்டிநாட்டு வீடுகளில் வளவிலும் முகப்பிலும் பாவி, நடந்து நடந்தே மினுக்கு ஏற்றினார்கள். நீங்கள் அதன் மேல் டீசல் வண்டியை நிறுத்துங்கள். சுடாத சிமெண்ட் கல், என்ஜின் ஆயிலை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொள்ளும். (இந்த ஒரு படியை எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிகிறது. நீங்கள் தயங்க வேண்டாம்.)

கிரானைட் என்றால் கண்ணாடிப் பாலிஷைக் கேட்டு வாங்குங்கள். நெருப்பால் சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு கிரானைட் நம் கிருஷ்ணகிரிப் பக்கமே கிடைக்கும். கார் ஏறினாலும் மழை பெய்தாலும் கால் பிடிக்கும். அது போட்டால் வீடு பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அந்த யாரோ ஒருவருக்காகத்தானே வீடு கட்டுகிறோம்.

3. வெறும் கான்கிரீட் என்ற பேச்சை வாசலிலேயே வெட்டுங்கள்

எந்த ஊரிலும் ஒரு பழைய மேஸ்திரி இருப்பார். "சார், கீழ நல்லா இறுக்கி, நாலு இன்ச் கான்கிரீட் போட்டு, ஈரத்துலயே தொடப்பத்தால கோடு இழுத்து விட்டுடலாம். பத்தடிக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டினா வெடிக்காது. காஞ்சப்புறம் மேல சீலர் அடிச்சிட்டா ஆயில் எறங்காது" என்பார். அவர் சொல்வது அத்தனையும் உண்மை. செலவு குறைவு, வழுக்காது, இருபது வருடம் கிடக்கும். ஆனால் வருகிறவர்கள், "இன்னும் டைல்ஸ் போடலையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களிடம் தெம்பு இல்லை. மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

4. தரைக்குக் கீழே குப்பை போடுங்கள்

மேலே என்ன பாவினாலும் அதைத் தாங்கப் போவது கீழே இருப்பது. எனவே முழு மனத்தோடு அங்கே அலட்சியம் காட்டுங்கள். கடைக்கால் தோண்டிய மண், உடைந்த செங்கல், பூச்சுக் கழிவு, காலி சிமெண்ட் சாக்கு, சென்ட்ரிங் பலகைத் துண்டு, டீ கப் எல்லாவற்றையும் போர்டிகோவுக்குள் தள்ளுங்கள். லாரிக்காரர் கழிவை அள்ளிப் போகக் கேட்கும் வாடகை மிச்சம்.

அரை அடிக்கு அரை அடியாகக் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, பிறகு அடுத்த அடுக்கு என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் மூன்றடி ஆழத்தையும் ஒரே நாளில் நிரப்பி, மேலே மட்டும் ஒரு குடம் தண்ணீர் தெளித்து விடுங்கள். மிச்சத்தை முதல் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். பலகைத் துண்டு மக்கும், சாக்கு மக்கும், கறையான் வரும், தரை இறங்கும். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, வருடம் இருமுறை உங்களுக்கு வேலை கொடுக்கும்.

சக்கரத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வேண்டுமென்றே மறக்க வசதியாக இருக்கும். சின்ன ஹாட்ச்பேக் கூட ஆள் ஏறினால் ஒரு டன்னைத் தொடும். பெரிய எஸ்.யு.வி. இரண்டு டன். அதை நாலால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்குக் கால் டன்னிலிருந்து அரை டன். அந்தச் சக்கரம் தரையைத் தொடுவது ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். அதுவும் தினமும் ஒரே தடத்தில். அடியில் இறுகிய தளம் இருந்தால் இதை ஒரு பொருட்டாக எண்ணாது. அடியில் பொந்து இருந்தால் எந்த டைலும் மளுக்கென்று போகும்.

கான்கிரீட்டுக்குத் தனிக் கலவை போடாதீர்கள். மாடித் தளம் போட்ட அன்று மிஞ்சியதைக் கொட்டுங்கள். எம்20-க்கு ஒன்று, ஒன்றரை, மூன்று என்று சிமெண்டும் மணலும் ஜல்லியும் அளந்து போட வேண்டும் என்பார்கள். நீங்கள் ஹோஸ் பைப்பை உள்ளே விட்டுக் கஞ்சியாக்குங்கள். தானே ஓடி மட்டமாகிவிடும். தண்ணீர் கூடக் கூட பலம் குறைவது ஆறு மாதம் கழித்துத்தானே தெரியும்.

5. பொறியாளரைக் கேட்காதீர்கள், பஞ்சாங்கத்தைக் கேளுங்கள்

கான்கிரீட் தன் கணக்கிலான முழு பலத்துக்கு 28 நாள் கேட்கும். ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கச் சொல்கிறது. உங்களுக்கோ தை மாதத்தில் ஒரே ஒரு நல்ல முகூர்த்தம்தான் கிடைத்திருக்கிறது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

ஆகவே திங்கட்கிழமை கான்கிரீட், புதன்கிழமை டைல், வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதல். சாக்கு விரித்துத் தண்ணீர் கட்டி வைத்தால் பந்தல்காரர் கால் வைக்க முடியாது. எனவே தண்ணீரே ஊற்றாதீர்கள். சனிக்கிழமை சமையல் பாத்திரம் ஏற்ற வரும் மினி லாரியைத் தயங்காமல் உள்ளே விடுங்கள். தரைக்கு அது முதல் பரீட்சை. முடிவு உடனே தெரியாது, தை முடியட்டும்.

6. வாட்டம் கூடாது

கொத்தனார் ஒரு நாள், "தண்ணி வாட்டம் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்பார். மிக ஆபத்தான கேள்வி. நூறுக்கு ஒன்று என்று கேட் பக்கம் சரித்துவிட்டால், 16 அடி நீளத்துக்கு இரண்டு அங்குலம் இறங்கும். வண்டி கழுவிய தண்ணீர், சாரல், எண்ணெய் எல்லாம் தானாக வெளியே போய்விடும். பிறகு தரையில் கறை எப்படித் தங்கும்?

"ரசமட்டம் வெச்சு டெட் லெவலா போடுங்க" என்று சொல்லுங்கள். குழி விழுந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், அதன் மேல் எண்ணெய் மிதந்து வானவில் காட்டும், கொசுவும் வரும்.

வாஸ்து பார்க்கிறவராக இருந்தால் வழி இன்னும் சுலபம். வாட்டம் ஈசானிய மூலைக்குத்தான் போக வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்வார். உங்கள் சம்ப்பும் ஈசானியத்தில்தான் இருக்கும். அதுவும் அவர் சொல்லித்தான். நம் ஊர் மனைகளில் சம்ப்புக்கு வேறு இடம் ஏது, பெரும்பாலும் போர்டிகோவுக்கு அடியில்தான். ஆக, வண்டியிலிருந்து ஒழுகும் அத்தனையும் வாஸ்துப்படி குடிதண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தேடிப் போகும். மூடியைத் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு விரல் தாழ்த்தி வைத்தால் ஒரு சொட்டும் வீணாகாது.

மூடியைப் பற்றி இரண்டு வார்த்தை. இதில் எல்.டி., எம்.டி., ஹெச்.டி. என்று பாரத்துக்குத் தக்கபடி ரகங்கள் உண்டு. சரியாக இடது முன்சக்கரம் ஏறும் இடத்தில் சம்ப் வாயை வையுங்கள், லேசான எல்.டி. மூடியைப் போடுங்கள், அதன் மேலேயும் வெளியே தெரியாதபடி பளபள டைல் ஒட்டுங்கள். தொட்டி கழுவும் நாளில் மூடியைத் தேடுவது குடும்பத்துக்கே ஒரு விளையாட்டு.

இன்னொன்று. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். போர்டிகோவில் அதற்கென்று வெட்டிய குழி ஒன்று இருக்கும். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாளே அதை மூடி மட்டமாக்கிவிடுங்கள். டைலின் பேட்டர்ன் கெடுகிறதே!

தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே போர்டிகோவை இன்றைய தெருவின் மட்டத்துக்குச் சரியாக வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு முன்பு தெரு மேலே, நீங்கள் கீழே.

7. ஐந்து பொட்டு வைத்து ஒட்டுங்கள்

டைலின் முதுகில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று, கலவையை உருண்டையாக வைத்துக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். அடி முழுவதும் கலவையோ டைல் பசையோ பரப்பி, சீப்புக் கரண்டியால் கோடு இழுத்து ஒட்டுவது மெதுவான வேலை. உருண்டைகளுக்கு இடையில் காற்று இருக்கும். அதன் மேல்தான் முன்பு சொன்ன கால் டன் ஏறும். வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. டொக் டொக் என்று கேட்டால் உள்ளே வெறுமை. தட்டாதீர்கள். தட்டினால் டைல்காரருக்குக் கடைசித் தவணையை எந்த முகத்தோடு கொடுப்பீர்கள்?

ஸ்பேசர் வேண்டாம். டைலோடு டைல் ஒட்டி நிற்கட்டும். சித்திரை வெயிலில் அவை விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளி, கூடாரம் போட்டு எழும்பும். இடைவெளி விட்டே தீருவேன் என்று டைல்காரர் அடம்பிடித்தால் ஒயிட் சிமெண்டை அடைக்கச் சொல்லுங்கள். எபாக்சி கிரவுட் எண்ணெயை உள்ளே விடாது, ஆசிட்டுக்கும் அசையாது, விலை கூடுதல். ஒயிட் சிமெண்ட் ஆறு மாதத்தில் கறுத்து, பளபளக்கும் தரைக்குக் கட்டம் போட்டுக் கொடுக்கும். சிறுவர்கள் பாண்டி ஆடலாம்.

8. வீடியோ பார்த்தவர்களுக்கு எபாக்சி

குளிர்நாட்டுக்காரர் ஒருவர் தன் கராஜுக்கு எபாக்சி பூசி, மேலே வண்ணச் சில்லுகளைத் தூவும் வீடியோவை நீங்களும் இரவில் பார்த்திருப்பீர்கள். நல்ல பொருள்தான், முறையாகப் போட்டால். நாம் வேறு முறையில் போடுவோம்.

தரையை மெஷின் வைத்து உராய்ந்து சொரசொரப்பாக்காதீர்கள். பழைய எண்ணெய்க் கறையின் மேலேயே பூசுங்கள். கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டு, அடியில் வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேர்த்திருந்தால் பூசக்கூடாது, ஈரம் மேலே வரும் வழியில் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். நமக்குப் பொறுமையும் இல்லை, டேப்பும் இல்லை.

ரெசினையும் ஹார்டனரையும் மொத்தமாக ஒரே வாளியில் கொட்டிக் கலக்குங்கள். கலந்த பிறகு வேலை செய்யக் கிடைப்பது அரை மணி நேரம் போலத்தான். மே மாதத்து நண்பகலில் அதுவும் பாதியாகும். வாளியில் குவிந்து கிடந்தால் தனக்குள்ளேயே சூடேறிப் புகைந்து, ரோலரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்லாகும். அந்த வாளியை விளக்குமாறு வைக்கப் பயன்படுத்தலாம்.

ஏழு நாள் வண்டி ஏற்றக்கூடாது என்பார்கள். அன்று சாயங்காலமே ஏற்றுங்கள். நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூடான டயர், மெல்லிய பூச்சை இளக்கி, ஆறும்போது இறுகப் பிடித்து, காலையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தோலோடு உரித்துக்கொண்டு வரும். வெயில் நேராக அடிக்கும் பக்கம் எபாக்சி மஞ்சளடிக்கும். மேலே பாலியூரித்தேன் பூச்சு போட்டால் அது தடுக்கும், போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டப்பாவில் எபாக்சி என்று பெரிதாகவும் உள்ளே ஹார்டனர் இல்லாமலும் ஏதாவது கிடைத்தால், அதையே வாங்கி அடியுங்கள்.

9. பேவர் பிளாக்

60 மி.மீ. கனம் வண்டிக்குப் போதும், ஓரத்தில் கட்டை கட்டி, மணலை இறுக்கி அடுக்கினால் மழைநீரும் இறங்கும், எண்ணெய் பட்ட கல்லை மட்டும் பெயர்த்து மாற்றலாம். இவ்வளவு வசதி ஆகாது. 50 மி.மீ. வாங்குங்கள், ஓரக் கட்டையை விடுங்கள், மணலை எறும்பிடம் ஒப்படையுங்கள்.

10. பச்சைப் பாய் விரியுங்கள்

தரை நன்றாக இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் செயற்கைப் புல் பாயை விரித்து மூடுங்கள். அடியில் எண்ணெயும் ஈரமும் என்ன செய்கின்றன என்பது அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தெரியும்.

11. சொட்டு விழுந்தால் அவசரப்படாதீர்கள்

கறுப்பாக ஒரு சொட்டு. முதல் நாள் என்றால் மரத்தூளோ, தவிடோ, வெறும் சிமெண்ட் தூளோ தூவி, உறிஞ்சியதும் கூட்டி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். ஆகவே முதல் நாள் பார்க்காதீர்கள். ஒரு வாரம் ஊறட்டும். பிறகு பழைய துணியால் வட்டமாகத் தேயுங்கள். ஐந்து பைசா அளவு தட்டு அளவாகும். அடுத்து மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் இளகி ஆழமாக இறங்கும். வண்டிக்கு அடியில் ஒரு தட்டு வைக்கலாம், அல்லது ஒழுகும் சீலை மெக்கானிக்கிடம் காட்டலாம். தரையைக் குறை சொல்வதுதான் மலிவு.

கடைசி அஸ்திரம் பாத்ரூம் ஆசிட். எண்ணெயை அது தொடாது. சிமெண்ட் ஜாயிண்டையும், மார்பிளையும், கடப்பாவையும், பக்கத்தில் நிற்கும் பைக்கின் குரோமையும் தொடும். துருக் கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் என்று தனியாக ஒன்று உண்டு. அதைத் தேடிப் போகாதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடவில்லை: ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடரைப் போடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு, ஆளைக் கொல்லும். தரை கெடட்டும், நீங்கள் வேண்டும். மீதிப் படிகள் இருக்கின்றன.

12. பைக்கைக் கூர்மையாக நிறுத்துங்கள்

காரைவிடத் தரைக்குப் பெரிய எதிரி சைடு ஸ்டாண்ட். வண்டி எடையில் ஒரு பங்கு ஒரு ரூபாய் அளவு இரும்பில் இறங்கும். அடியில் மரக்கட்டையோ ரப்பர்த் துண்டோ வைக்காமல், டைலின் நடுவில், ஐந்து பொட்டுக்கு இடையில் பொந்து இருக்கும் இடமாகப் பார்த்து ஊன்றுங்கள். ஜாக்கி, காலி கேஸ் சிலிண்டர், இரும்புச் செடித்தொட்டி ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மழைச்சாரல் படும் ஓரத்தில் வையுங்கள். நகர்த்தும்போது ஒவ்வொன்றும் வட்டமாகக் காவிக் கையெழுத்து போட்டிருக்கும்.

13. கெட்டதின் மேல் புதியது

இதற்குள் மூன்று வருடம் ஆகியிருக்கும். டைல் பாதி உடைந்து, மீதி கறுத்து, நடுவில் குளம். இடித்து எடுத்து, கீழே இருக்கும் சாக்கையும் பலகையையும் வாரிப் போட்டு, முதலிலிருந்து செய்வதற்கு மனம் வராது. பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டுங்கள். இந்த முறை இன்னும் பளபளப்பானது.

தரை ஓர் அங்குலம் ஏறும். கேட் உரசும், கேட்டின் அடியை வெட்டுங்கள். வெட்டிய இடைவெளியில் பெருச்சாளி வரும், பலகை அடியுங்கள். போர்டிகோ, ஹால் வாசற்படியைத் தொட்டுவிடும். மழைத்தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும். வாசலில் கிரானைட் தடுப்பு வையுங்கள். தாத்தா தடுக்கி விழுவார். கைப்பிடிக் கம்பி போடுங்கள். கம்பி போட்ட பிறகு காரின் கதவு முழுதாகத் திறக்காது.

14. காரை வெளியே எடுங்கள்

புதுத் தரை கெட்டுவிடக்கூடாதல்லவா. காரைத் தெருவில், பக்கத்து வீட்டு மதிலோரமாக நிறுத்துங்கள். மேலே கவர் போட்டு, நாலு பக்கமும் செங்கல் வைத்துக் கட்டுங்கள். போர்டிகோவில் ஊஞ்சல், செருப்பு ஸ்டாண்ட், வாஷிங் மெஷின், துணி காயப்போடும் கொடி. கேட்டில் நல்ல பெரிய எழுத்தில் "வண்டிகளை இங்கே நிறுத்தாதீர்கள்" என்று பலகை மாட்டுங்கள். பூட்டும் வாங்கிவிடுங்கள், யாராவது உள்ளே வந்து திருப்பப் பார்ப்பார்கள்.